படித்துக் காட்டினால்தான் டப்பா கைக்கு வரும்

என் நாத்தனாரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. பத்தொன்பது வருடமாக வருகிற கோபம், அது பாட்டுக்கு வந்துவிட்டுப் போகட்டும். நல்லதைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. வயது ஐம்பத்திரண்டு. எங்கள் தெருவின் மருந்துக்கடையில் இருபத்தாறு வருடமாக வேலை. கடைக்குப் பின்னால் பலகைத் தடுப்பு வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. டாக்டர் எழுதித் தரும் அளவுக்குத் தூளை எடை போட்டு, காலி மாத்திரைக் கூட்டில் அடைத்து, களிம்பைக் கலக்கி, டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டுவது அந்த அறையில்தான். அதற்கு ராணி அண்ணிதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "லேபிளோட ஒருத்தனும் வரல, உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்" என்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் லேபிள் அக்கா.

பெயர் சும்மா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால் கைப்பையில் லேபிள் கட்டும் பேனாவும் கூடவே வரும். என் சமையலறையில் உப்பு டப்பாவில் உப்பு, சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டிவிட்டுப் போவார். சர்க்கரை மிஞ்சிப்போய் நான் வேறொரு டப்பாவில் கொட்டி வைத்தால், அடுத்த வாரம் அதில் "இதுவும் சர்க்கரை" என்று இருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முதுகில் "நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்தவும்" என்று ஒட்டியிருந்தது. அது அண்ணி வேலை இல்லை, நான் ஒட்டியது. பழி அவர் மேல் போனது.

இதில் என்ன கொடுமை என்றால் அந்த லேபிள்களை அச்சடித்துத் தருவதே நான்தான். மருந்துக்கடைக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. நகல் எடுப்பேன், மனு அடித்துத் தருவேன், லேபிள் அச்சடித்து வெட்டித் தருவேன். மாடியில் வீடு, கீழே கடை. என் லேபிளின் பசையைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஒட்டினால் ஒட்டினதுதான், மழையில் நனைந்தாலும் வராது.

அண்ணியிடம் இன்னொரு வழக்கம் உண்டு. லேபிள் ஒட்டிய டப்பாவைச் சட்டென்று கொடுத்துவிட மாட்டார். ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "படிங்க" என்பார். மருந்து வாங்க வந்தவர் லேபிளை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். படித்தால்தான் பிடி தளரும். கண்ணில் விடும் சொட்டு மருந்து வாங்க வந்த ரிட்டயர்டு நீதிபதியைக்கூட விடவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, "கண்ணுக்கு மட்டும், காலை இரண்டு சொட்டு, இரவு இரண்டு சொட்டு" என்று வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அண்ணி படித்துக் காட்டுவார், அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்கள்தான் தப்பில்லாமல் சொல்வார்கள் என்பார்.

பெண்கள் சமாச்சார மருந்து என்றால் மட்டும் சலுகை. தடுப்புக்குப் பின்னால் உள் அறைக்குக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்வார். பெரிய சலுகைதான். தடுப்பு பலகையால் ஆனது, மேலே ஒரு முழம் இடைவெளி வேறு. உள்ளே தும்மினால் வெளியே நிற்பவர் நகர்ந்து நிற்பார். நாலைந்து பேர் முதலாளியிடம் போய் முறையிட்டார்கள். முதலாளி வந்து, கொஞ்சம் விட்டுப் பிடிக்கக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். சரி, நிறுத்திவிடுகிறேன், நாளைக்கு யாராவது காதில் விடுவதைக் கண்ணில் விட்டுக்கொண்டு வந்தால் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றாராம் அண்ணி. முதலாளி அதற்குப்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. பதினோரு மாடிக் கட்டடம் முழுக்கக் கேட்ட சங்கதிக்குக் காகிதத்தில் என்ன கூச்சம் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரே வருடத்தில் மூன்று தடவை எனக்கு அந்த அரிப்பு வந்தது. எந்த அரிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை, வந்த பெண்களுக்குத் தெரியும். திரிந்த பால் போல வெள்ளையாகப் படும், எரியும், நாற்காலியில் ஒழுங்காக உட்கார விடாது. ஆறு மணி நேரம் உட்கார்ந்து நகல் எடுக்கும் என் வேலைக்கு அது எப்படி இருந்திருக்கும். ஏற்கெனவே எனக்குக் கோபம் அதிகம், அந்த வருடம் வாடிக்கையாளர்கள் பாடு திண்டாட்டம்தான். முதல் இரண்டு தடவை ஏதோ களிம்பு வாங்கிப் போட்டேன். போனது, திரும்ப வந்தது. சுத்தம் போதவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு வாசனை சோப்பு போட்டுக் கழுவினேன். அதுவும் போதாதென்று தரை துடைக்கிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து உள்ளேயும் விட்டுக் கழுவினேன். அன்றைக்குப் பட்ட எரிச்சலை எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்ல நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் மெக்கானிக் அவர், கையில் எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு வந்தால் முழங்கை வரை தேய்த்துக் கழுவாமல் ஒரு பொருளைத் தொட மாட்டார். என்னை அசுத்தம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். அழுகை அழுகையாக வந்த நாள்கூட உண்டு.

கடைசியில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் பரிசோதித்துப் பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். இரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார், அது சரியாகவே இருந்தது. நான் செய்த கழுவல் வைபவத்தையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க சுத்தத்துல ஒரு குறையும் இல்லம்மா. அந்த இடம் தன்னைத் தானே சுத்தமா வச்சுக்கும். நீங்கதான் சோப்பை எடுத்துட்டுப் போய் அதுகிட்ட சண்டை போட்டிருக்கீங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கே பாதி நோய் போன மாதிரி இருந்தது. ஆய்வு முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டார். வந்திருப்பது ஒரு வகைப் பூஞ்சையாம், வழக்கமான மருந்துக்கு மசியாத ரகமாம். போரிக் ஆசிட் அடைத்த மாத்திரை, அறுநூறு மில்லிகிராம், தினம் இரவு படுக்கும்போது ஒன்று, பதினாலு இரவு, வாயில் இல்லை, பிறப்புறுப்புக்குள்ளே வைக்க வேண்டும் என்றார். போரிக் ஆசிட் என்றதும் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் கரப்பான் பூச்சிக்குத் தூவுகிற தூள் அது. கரப்பானுக்கும் எனக்கும் ஒரே மருந்தா என்று கேட்டே விட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, அந்தத் தூளைத் தப்பித் தவறியும் இதற்கு எடுக்கக் கூடாது, மருந்துக்கென்று சுத்தம் செய்து அளந்து அடைத்ததுதான் வேண்டும் என்றார். கர்ப்பம் இல்லையே, புண் எதுவும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அதை அடைத்துத் தரும் கடை இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் என்றும் சொன்னார். எது என்று நான் கேட்கவே இல்லை.

போனேன், வேறு வழி. அண்ணி சீட்டைப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே வா என்று கூட்டிப்போய் முக்காலியில் உட்கார வைத்து, என் கண்ணெதிரே பதினாலு கூட்டையும் அடைத்தார். அடைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள். மல்லாந்து படுத்து, வலிக்காமல் விரல் போகிற மட்டும் உள்ளே தள்ளு. காலையில் தண்ணியாக வெளியே வரும், பயப்படாதே, பஞ்சு நாப்கின் வைத்துக்கொள். கொஞ்சம் நமைச்சல் இருந்தால் பரவாயில்லை, தாங்க முடியாத எரிச்சலோ இரத்தமோ என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடு. நாலு நாளில் சரியாகிவிட்டது என்று பாதியில் விடாதே. முடியும் வரை புருஷன் பெண்டாட்டி சேர வேண்டாம், அவனுக்கும் எரியும், ஆணுறையும் இதற்குத் தாங்காது. அவனிடம் சொல்லிவிடு.

நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது என்றேன். அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். சரி என்றார். பிறகு டப்பாவில் லேபிளை ஒட்டி, ஒரு கையில் பிடித்துக்கொண்டு நீட்டினார்.

"படி."

சிவப்பு எழுத்து. என் கடையில் நான் அச்சடித்து நானே வெட்டிக் கொடுத்த லேபிள். வருடத்துக்கு எழுநூறு அடிக்கிறேன், எந்த மருந்துக்குப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தடுப்புக்கு வெளியே எட்டுப் பேர் நிற்கிறார்கள், அதில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் அச்சடிச்ச லேபிளை எனக்கே பாடம் எடுக்கிறீங்களா அண்ணி?"

"அச்சடிச்சவ எல்லாம் படிச்சிருப்பாளா என்ன" என்றார், சாவகாசமாக.

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் படிக்காமல் அந்தக் கடையை விட்டுப் போன முதல் டப்பா அதுதான். அன்றோடு அண்ணியிடம் பேச்சை நிறுத்தினேன். எதிரெதிர்க் கடை, தலை நிமிர்ந்தால் முகத்தில் முகம் முட்டும். கழுத்து வலிக்க வலிக்கக் குனிந்தே இருந்தேன்.

மாடிக்குப் போனதும் முதல் காரியமாக அந்த லேபிளை உரிக்க உட்கார்ந்தேன். அப்படியே வைத்தால் என் வீட்டுக்காரர் படித்துவிடுவாரே. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துக் கத்தரிக்கோலின் முதுகால் இழுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. என் பசையை நானே வண்டி வண்டியாகத் திட்டிய ஒரே நாள் அது. கடைசியில் மொட்டை வெள்ளை டப்பா ஒன்று கையில் மிஞ்சியது. அதைச் சுவர் அலமாரியில் என் வீட்டுக்காரரின் வைட்டமின் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அதுவும் அதே கடை, அதே வெள்ளை டப்பா, உள்ளே இருப்பதும் வெள்ளை மாத்திரைதான். எனக்குத்தான் தெரியுமே, வேறு யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைப்பு. இவ்வளவு பெரிய முட்டாளா நான் என்று கேட்காதீர்கள், ஆமாம்.

மருந்து என்னவோ நன்றாகவே கேட்டது. சும்மா சொல்லக் கூடாது, மூன்றாவது நாளே அரிப்பு அடங்கி நாற்காலியில் மனுஷி மாதிரி உட்கார முடிந்தது. இரவில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் இடுப்பு வலி என்று சொல்லி வைத்தேன். அந்த மனுஷன் மறுநாளே ஒரு தைலப் புட்டியும் வெந்நீர்ப் பையும் வாங்கி வந்தார். ஐந்து நாள், தினமும் அரை மணி நேரம், வலிக்காத என் இடுப்புக்கு அவ்வளவு அக்கறையாகத் தைலம் தேய்த்துவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆறாம் நாள் பகல் பன்னிரண்டே கால் இருக்கும். முகம் கழுவலாம் என்று மாடிக்குப் போனேன். அலமாரிக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. திறந்தேன். வைட்டமின் டப்பா அங்கேயே இருக்கிறது. என் டப்பாவைக் காணோம்.

அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை. காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிய என் வீட்டுக்காரர் அதற்கு பதில் இதை எடுத்துப் போயிருக்கிறார். தினமும் ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடித்ததும் வைட்டமின் போடுவார். முந்தின நாள் மறந்திருந்தால் அதற்கும் சேர்த்து இரண்டு. நேற்று மறந்துவிட்டேன் என்று இரவு அவர் சொன்னது காதில் வந்து நின்றது. போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் அதே குரல். லிஃப்ட் போகிற சுவர்களுக்குள் நிற்கிற ஆளுக்கு என்றைக்கு சிக்னல் கிடைத்திருக்கிறது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் ஓடியது. ரோட்டைக் குறுக்கே கடந்து மருந்துக்கடைக்குள் நுழைந்து, வரிசையைத் தள்ளிக்கொண்டு போய் அண்ணி முன்னால் நின்றேன். ஆறு நாளாகப் பேசாத வாய்.

"அண்ணி, அந்த டப்பாவை அவர் எடுத்துட்டுப் போயிட்டாரு. லேபிளை நான் உரிச்சுட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. டப்பாவில் எத்தனை இருந்தது என்று கேட்டார். ஒன்பது என்றேன். அவன் எத்தனை மணிக்குச் சாப்பிடுவான், எந்தக் கட்டடத்தில் இருக்கிறான் என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கடைப் பையனை நோக்கி ஒரு விரலை ஆட்டிவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். சாவியில் "சாவி" என்று லேபிள்.

அண்ணி ஸ்கூட்டர் ஓட்டுவதை அதற்கு முன் பார்த்ததுண்டு, நத்தையே முந்திப் போகும். அன்றைக்கு நான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டேன். பெரிய ஆளுக்கு ஒன்றிரண்டு விழுங்கினால் உடனே உயிருக்கு ஆபத்து வராது என்றுதான் படித்திருக்கிறேன், ஆனால் நம் நினைப்பை நம்பி உட்காரக் கூடாது, விழுங்கியிருந்தால் நேரே ஆஸ்பத்திரி, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, டப்பாவைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று முன்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சொன்னாரா தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் தேம்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் என்னால்தான், ஒரு லேபிளுக்கு வெட்கப்பட்டு அந்த மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்றேன்.

ஒரு சிக்னலில் வண்டி நின்றது. அண்ணி திரும்பாமலே பேசினார்.

"அவனுக்கு அஞ்சு வயசு. எனக்கு பதிமூணு. பெயிண்ட் அடிக்க வாங்கின தின்னர் மிச்சம் இருந்துச்சு. ஒரு கலர் சோடா பாட்டில்ல ஊத்தி வச்சேன். நான்தான் ஊத்தினேன், எனக்குத் தெரியுமேன்னு சும்மா வச்சுட்டேன். குடிச்சுட்டான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி."

பத்தொன்பது வருடத்தில் இந்தக் கதையை அந்த வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. விளக்கு பச்சைக்கு மாறியது. நான் அண்ணியின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். உப்பு டப்பா, சர்க்கரை டப்பா, ஜட்ஜ் ஐயாவின் கண் மருந்து எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

கட்டடத்துக்குப் போய்ச் சேரும்போது ஒரு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம். பதினோரு மாடி, இன்னும் பூச்சு வேலை முடியவில்லை. லிஃப்ட் மெக்கானிக் எங்கே என்று காவலாளியிடம் கேட்டோம். மேலே பதினோராவது மாடியில், மோட்டார் பக்கத்தில் என்றார். லிஃப்டில் போங்கள் என்று சொல்ல முடியாது, லிஃப்டைத்தான் அவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். அண்ணிக்கு முழங்கால் தேய்மானம். நான் ஓடினாலும் பதினோரு மாடிக்கு ஏழு நிமிடம் போதாது. தரைத் தளத்தில் லிஃப்டுக்கு விட்ட ஓட்டை கதவில்லாமல் திறந்து கிடந்தது, குறுக்கே இரண்டு பலகை மட்டும். கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம்.

கத்தினேன். என் குரல் சாதாரணக் குரல் இல்லை. கடையில் இருந்தபடி தெருக்கோடி டீக்கடையில் டீ சொல்கிறவள் நான்.

"என்னங்க, அந்த வெள்ளை டப்பா மாத்திரையை முழுங்காதீங்க!"

மேலே எங்கோ துளை போடுகிற சத்தம். கொஞ்சம் நின்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அவர் குரல் வந்தது. என்ன டப்பா, கேட்கவில்லை, எனக்கு வைட்டமின் கொண்டு வந்திருக்கிறாயா என்றார். அண்ணி என் முழங்கையைப் பிடித்தார். எப்படிச் சொல்ல என்று யோசிக்க அங்கே நேரம் இல்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வருடத்துக்கு எழுநூறு தடவை என் கண் முன்னால் ஓடியது அது. அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினேன்.

"பிறப்புறுப்பின் உள்ளே வைக்க மட்டும். வாயால் விழுங்கக் கூடாது. விழுங்கினால் விஷம். கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். கேட்டுச்சா? அது என்னோடது. எனக்கு டாக்டர் குடுத்தது!"

லிஃப்ட் ஓட்டை அதை ஒவ்வொரு மாடியிலும் தனித்தனியாக விநியோகம் செய்தது. துளை போடுகிற சத்தம் நின்றது. சுத்தியல் நின்றது. மூன்றாம் மாடியில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவைக்கூட யாரோ அணைத்தார்கள். என் பக்கத்தில் நின்ற காவலாளி வானத்தைப் பார்த்தார். என் மானம் பதினோரு மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, சத்தியமாக எனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பதில் வர வேண்டும், அவ்வளவுதான்.

வந்தது.

"அதை நான் திறக்கவே இல்லடீ. பேரே இல்லாததை யாராவது வாயில போடுவாங்களா?"

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு மாடிப் படியிலும் அவர் இறங்கி வரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வந்தார், சட்டையெல்லாம் கிரீஸ். பையிலிருந்து டப்பாவை எடுத்து என்னிடம் கொடுக்கவில்லை, நேராக அக்காவிடம் கொடுத்தார். காலையில் வைட்டமின் எடுக்கப் போனபோது பின்னால் இது மொட்டையாக இருந்ததாம். இது என்னவோ என்ற யோசனையில் வைட்டமினை மறந்து இதை மட்டும் எடுத்துக்கொண்டாராம். நான் குளித்துக்கொண்டிருந்தேனாம், போகிற வழியில் அக்காவைக் கேட்கலாம் என்றால் ஏழு மணிக்கு மருந்துக்கடை திறக்கவில்லையாம்.

டப்பாவைச் சுற்றிக் கறுப்பு ஒயர் டேப் ஒட்டியிருந்தது. அதன் மேல் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் அவருடைய கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: "என்னன்னு தெரியாது. அக்காவைக் கேக்கணும்."

அண்ணி அதைப் படித்தார். வாய்விட்டுத்தான் படித்தார், பழக்கம் விடுமா. அப்படியே ஒரு சிமெண்டு மூட்டையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே மூடியைத் திறந்து எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார், ஒன்பது. மூன்றாவது தடவை எண்ணப் போனவரின் கையை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். அப்போ இடுப்பு வலி இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சொல்லியிருக்கலாம்ல. அஞ்சு நாளா தேய்ச்சுத் தேய்ச்சு இப்ப எனக்குத்தான் கை வலிக்குது."

நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று பயந்துவிட்டேன் என்றேன். என்ன நினைப்பேன், உடம்பு என்றால் பழுது வராதா, லிஃப்டுக்கே வருகிறது என்றார். அந்த மனுஷனிடமா ஒளித்தேன் என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கிளம்பும்போது சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கையெல்லாம் சுண்ணாம்போடு என் பின்னாலேயே வண்டி வரை வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த மருந்து எந்தக் கடையில கிடைக்கும்?" என்றாள். ஒன்றரை வருடமாக இருக்கிறதாம். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். முதலில் டாக்டர், அப்புறம்தான் கடை, எல்லா அரிப்புக்கும் இது மருந்தில்லை, பார்த்தவர் எழுதித் தந்தால்தான் நான் அடைத்துத் தருவேன் என்று சொல்லி, லேடி டாக்டரின் விலாசத்தை ஒரு லேபிளில் எழுதி அவள் சுண்ணாம்புக் கையிலேயே ஒட்டி அனுப்பினார்.

கடைக்குத் திரும்பியதும் புது டப்பா, புது லேபிள். அண்ணி ஒரு கையில் பிடித்துக்கொண்டு நீட்டினார், உள்ளே வா என்று எழுந்தார். வேண்டாம் அண்ணி என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. ஜட்ஜ் ஐயா கண் மருந்துக்கு வந்திருந்தார், உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்றார்.

மிச்சம் ஒன்பது இரவும் ஒன்றுவிடாமல் முடித்தேன். இன்றைக்கு வைத்தாயா என்று தினமும் ஞாபகப்படுத்தியவர் என் வீட்டுக்காரர். டாக்டர் மறுபடி பரிசோதித்துப் பூஞ்சை போய்விட்டது என்றார், திரும்ப வந்தால் நீங்களாக எதையும் செய்யாமல் வாருங்கள் என்றார். வாசனை சோப்பை அவர் எதிரேயே சத்தியம் செய்து விட்டுவிட்டேன்.

அண்ணிக்கும் எனக்கும் சண்டை பழையபடி நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் சமையலறையில் காலி டப்பா ஒன்றில் "காலி" என்று ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். உரிக்கக் கை போனது, விட்டுவிட்டேன்.

நேற்று லேபிள் கட்டைக் கொடுக்க அந்த உள் அறைக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய டப்பா கழுவிக் காயவைத்து இருந்தது, கறுப்பு டேப்போடு. அந்த அறையில் இருக்கிற ஒவ்வொரு பொருளிலும் என்ன இருக்கிறது என்று அச்செழுத்தில் எழுதி ஒட்டியிருக்கும். அதில் மட்டும் தம்பி எழுதினபடி "என்னன்னு தெரியாது. அக்காவைக் கேக்கணும்" என்றே இருக்கிறது. இதற்கும் ஒரு லேபிள் அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அதில் சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்றார் அண்ணி.